'அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி'ன்னு வந்து நின்னா என்ன பண்றது?

கேள்வி சுருக்கமா இதுதான். ஒரு காலேஜ்ல லேப் அட்மினா இருக்கீங்க, 2010 வாக்குல வாங்கின ரேக் சர்வர் ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு, அதோட ரிமோட் கன்சோல் (சர்வரோட ஸ்கிரீன உங்க மெஷின்லேர்ந்தே பாத்து ஓட்டுற ஜன்னல்) ஜாவாலதான் தொறக்கும். கிரோம்ல போனா ஒண்ணுமே வரல, எங்கயோ தேடி பழைய ஃபயர்ஃபாக்ஸ் போட்டா 'அப்ளிகேஷன் பிளாக்ட் பை ஜாவா செக்யூரிட்டி'ன்னு ஒரு பெட்டி வருது, சரி செக்யூரிட்டி ஸ்லைடர கீழ இறக்கலாம்னு கன்ட்ரோல் பேனல் போனா மீடியம்னு ஒண்ணே இல்ல, ஹை இருக்கு, வெரி ஹை இருக்கு, அவ்ளோதான். யாரோ ஜாவா 6 போடுங்க எல்லாம் சரியாயிடும்னு சொல்லிருக்காங்க. போடலாமான்னு கேக்குறீங்க.

போடாதீங்க. நீங்க மெயில் பாக்குற, பேங்க் வேல பாக்குற மெஷின்ல கண்டிப்பா போடாதீங்க. சாவி தொலஞ்சிடுச்சுன்னு கதவையே கழட்டி வைக்கிற மாதிரி அது. பழைய அப்லெட்ட (பிரவுசருக்குள்ள ஓடுற சின்ன ஜாவா புரோகிராம்) ஓட வைக்க முடியும், ஆனா அந்த ஒரு அட்ரஸுக்கு மட்டும் வழி விட்டு, மத்ததெல்லாம் மூடியே இருக்குற மாதிரி பண்ணணும்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, உங்களுக்கு அந்த கன்சோல் நெஜமாவே வேணுமா? சர்வர் ஹேங் ஆயிடுச்சு, ரீபூட் பண்ணணும், அவ்ளோதான் வேலன்னா ஐபிஎம்ஐ டூல்னு ஒரு கமாண்ட் லைன் புரோகிராம் இருக்கு, லினக்ஸ் மெஷின் ஒண்ணு இருந்தா அதுலேர்ந்தே பவர் ஆஃப், ஆன், சைக்கிள் எல்லாம் பண்ணலாம், ஜாவா வாடையே வேண்டாம் (சர்வர தூரத்துலேர்ந்து கவனிக்குறதுக்குன்னே அதுக்குள்ள இருக்குற மேனேஜ்மென்ட் கார்டோட செட்டிங்ஸ்ல ஐபிஎம்ஐ ஓவர் லேன் ஆன்ல இருக்கணும், சிலதுல ஆஃப்லதான் வரும்). டெக்ஸ்ட் ஸ்கிரீன் பாத்தா போதும்னா சீரியல் ஓவர் லேன் இருக்கு, பயாஸ்ல ஒரு தடவ அத ஆன் பண்ணி வெச்சுட்டா பூட் ஆகுறத டெர்மினல்லயே பாக்கலாம். இன்னொண்ணு, ஃபர்ம்வேர் (அந்த கார்டுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கான்னு பாருங்க. நெறைய கம்பெனி பின்னாடி ஹெச்டிஎம்எல்5 கன்சோல் குடுத்துட்டாங்க, உதாரணமா ஹெச்பி-யோட மேனேஜ்மென்ட் கார்டான ஐஎல்ஓ 4-க்கு 2019-ல வந்த 2.70 ஃபர்ம்வேர்லயே பிளகின் (பிரவுசரோட ஒட்டுற துணை புரோகிராம்) இல்லாத கன்சோல் வந்துடுச்சு. ஆனா 2010 மாடல்னா உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்க வாய்ப்பு கம்மி, அப்படின்னா மேல படிங்க.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா 'பிளாக் ஆயிடுச்சு'ன்னு பாத்த உடனே கைக்கு கெடச்ச செட்டிங் எல்லாத்தையும் ஆஃப் பண்றது. யார் பிளாக் பண்ணாங்கன்னு பாக்குறதே இல்ல. தடுக்குறது நாலு பேர்ல ஒருத்தரா இருக்கலாம்: பிரவுசர், ஜாவா, விண்டோஸ் இல்ல ஆன்டிவைரஸ், இல்லேன்னா உங்க ஆபீஸ் ஐடி டீம் போட்ட பாலிசி. மெசேஜ்ல இருக்குற வார்த்தைய வெச்சே யாருன்னு சொல்லிடலாம், அதனால பெட்டி வந்த உடனே ஓகே அமுக்காம முழுசா படிங்க, முடிஞ்சா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

முதல்ல பிரவுசர். பெட்டியே வரல, பக்கத்துல ஒரு சாம்பல் கட்டம், இல்ல பஸில் துண்டு மாதிரி ஒரு ஐகான், இல்ல 'பிளகின் சப்போர்ட் இல்ல'ன்னு வந்தா அது ஜாவா பண்ற வேல இல்ல, பிரவுசர் பிளகினுக்கு கதவே வைக்கல. நெட்ஸ்கேப் காலத்து என்பிஏபிஐ-ன்னு ஒரு முறை, அதுலதான் ஜாவா, சில்வர்லைட், ஃபிளாஷ் எல்லாம் ஒட்டிட்டிருந்துச்சு. கிரோம் 2015 ஏப்ரல்ல 42-வது வெர்ஷன்ல அத டீஃபால்ட்டா ஆஃப் பண்ணி, அந்த வருஷமே செப்டம்பர்ல 45-ல மொத்தமா தூக்கிட்டாங்க. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்ல 52-வது வெர்ஷன்ல ஃபிளாஷ தவிர மத்ததெல்லாம் நிறுத்திட்டாங்க, ஆனா அதே 52-வது நம்பர்ல இருந்த ஈஎஸ்ஆர் பதிப்புல (கம்பெனிகளுக்காக ரொம்ப நாள் சப்போர்ட் குடுக்குறது) மட்டும் 2018 வரைக்கும் ஓடுச்சு. அதனாலதான் இன்னிக்கும் தேடினா எல்லாரும் 'ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் போடுங்க'ன்னு சொல்றாங்க. எட்ஜ்ல என்பிஏபிஐ எப்பவுமே இருந்ததில்ல. ஆக புது கிரோம்ல ஏதோ ஒரு ஃபிளாக்ஸ் ஆன் பண்ணா ஜாவா வந்துடும்னு எவனாவது எழுதியிருந்தா அது 2015-ல எழுதினது, நேரத்த வீணாக்காதீங்க.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கத வேற, அது ஆக்டிவ்எக்ஸ்-ங்கற மைக்ரோசாஃப்ட்டோட சொந்த பிளகின் முறை வழியா ஜாவாவ ஓட்டுச்சு. 2022 ஜூன்ல அதையும் ரிட்டயர் பண்ணிட்டாங்க, ஆனா எட்ஜுக்குள்ள ஐஇ மோடுன்னு ஒண்ணு விட்டு வெச்சிருக்காங்க, குறைஞ்சது 2029 வரைக்கும் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லிருக்கு. எட்ஜ் செட்டிங்ஸ்ல டீஃபால்ட் பிரவுசர் பகுதிக்கு போய், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடுல ரீலோட் பண்ண அலோ பண்ணிட்டு, கீழ இருக்குற லிஸ்ட்ல உங்க சர்வர் அட்ரஸ சேருங்க. 30 நாள்ல அந்த என்ட்ரி காலாவதி ஆயிடும், அடுத்த மாசம் திடீர்னு வேல செய்யலேன்னா பதறாம திரும்ப சேத்தா போதும். இதுக்கு ஜாவா 8-தான் வேணும், அதுலயும் 32 பிட். ஐஇ-யோட டேப் பெரும்பாலும் 32 பிட்லதான் ஓடும், 64 பிட் ஜாவா மட்டும் இருந்தா அது கண்ணுக்கே தெரியாது. ஜாவா 11, 17, 21-ன்னு புதுசா போட்டாலும் பிரயோஜனம் இல்ல, 2018 செப்டம்பர்ல வந்த 11-லயே பிளகினையும் வெப் ஸ்டார்ட்டையும் (பிரவுசருக்கு வெளிய ஜாவா புரோகிராம ஓட்டுற வழி) எடுத்துட்டாங்க.

ஏன் இப்படி ஆளாளுக்கு வெரட்டுனாங்கன்னு ஒரு கேள்வி வரும். காரணம் இருக்கு. 2012-ல ஃபிளாஷ்பேக்னு ஒரு ட்ரோஜன், ஜாவாவுல இருந்த ஓட்டை வழியா 6 லட்சத்துக்கும் மேல மேக் மெஷின்ல பூந்துச்சு. ஆரக்கிள் அந்த ஓட்டைய பிப்ரவரிலயே அடச்சாச்சு, ஆப்பிள் தன்னோட ஜாவாவுக்கு பேட்ச் குடுத்தது ஏப்ரல்ல, நடுவுல கெடச்ச இடைவெளில ஊரே மாட்டிக்கிச்சு. அடுத்த வருஷம் ஜனவரில ஜாவா 7 அப்டேட் 10-ல இன்னொரு ஓட்டை, அதுக்கு பேட்ச் வர்றதுக்குள்ளயே தாக்குதல் ஆரம்பிச்சிடுச்சு, அமெரிக்க உள்துறைப் பாதுகாப்பு அமைப்பே பிரவுசர்ல ஜாவாவ ஆஃப் பண்ணுங்கன்னு மக்களுக்கு சொல்லிச்சு, மோஸில்லா கிளிக் பண்ணாதான் ஓடும்னு மாத்துனாங்க, ஆப்பிள் ரிமோட்லயே பிளாக் பண்ணாங்க. சும்மா ஒரு வெப்சைட்ட தொறந்தாலே போதும், உங்க மெஷின் அவன் கையில. அதுக்கப்புறம்தான் ஆரக்கிள் ஸ்லைடர மீடியம்லேர்ந்து ஹை-க்கு ஏத்துச்சு (அப்டேட் 11, 2013 ஜனவரி 13), ஒரு வருஷம் கழிச்சு அப்டேட் 51-ல செல்ஃப் சைன் பண்ணதையும் (வெளி நிறுவனம் உறுதி சொல்லாம தானே தனக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டுக்கிட்டது) சைனே இல்லாததையும் ஓடவே விடாம பண்ணுச்சு, 2014 ஆகஸ்ட்ல ஜாவா 8 அப்டேட் 20-ல மீடியம எடுத்தே விட்டுடுச்சு. நீங்க தேடுற மீடியம் அங்கதான் போச்சு. ஜாவா 6 போடுங்கன்னு சொன்னவர் என்ன சொல்றார்னா, இந்தப் பூட்டு எதுவுமே இல்லாத, பேட்ச் வர்றதும் எப்பவோ நின்னு போன ஒண்ண போட்டுக்கோங்கன்னு சொல்றார்.

இப்ப உங்க விஷயம், ஜாவாவே தடுக்குறது. அந்தப் பெட்டிய நல்லா பாருங்க, மூணு வரி இருக்கும்: நேம், லொகேஷன், ரீசன். எல்லாரும் மேல இருக்குற பெரிய எழுத்த மட்டும் படிச்சிட்டு விட்டுடுறாங்க, வேலைக்கு ஆகுறது கீழ இருக்குற ரெண்டு வரிதான். லொகேஷன் வரில உங்க சர்வரோட முழு அட்ரஸ், போர்ட் நம்பரோட இருக்கும், அத அப்படியே எழுதி வெச்சுக்கோங்க. ரீசன் வரிலதான் நோய் என்னன்னு இருக்கு.

'செல்ஃப் சைன்டு'ன்னோ 'அன்ட்ரஸ்டட்'னோ இருந்தா சுலபம், எக்ஸப்ஷன் சைட் லிஸ்ட்ல சேத்தா முடிஞ்சது. 'எக்ஸ்பயர்டு ஆர் நாட் யெட் வேலிட்'னு இருந்தா ரெண்டு காரணம். ஒண்ணு, அந்த கம்பெனி சைன் பண்ணும்போது டைம்ஸ்டாம்ப் போடாம விட்டிருப்பாங்க, டைம்ஸ்டாம்ப் இருந்தா சர்டிஃபிகேட் காலாவதி ஆனாலும் அன்னிக்கு சைன் பண்ணது செல்லும், இல்லேன்னா சர்டிஃபிகேட் சாகும்போது அதுவும் செத்துடும். இன்னொண்ணு, உங்க மெஷின்ல தேதியே தப்பு. சிரிக்காதீங்க, லேப்ல இருக்குற பழைய டெஸ்க்டாப்ல சீமாஸ் பேட்டரி போயி தேதி 2009 ஜனவரி 1-ல நின்னுட்டிருக்கும், 2010-ல குடுத்த சர்டிஃபிகேட் அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல. மத்த எதையும் தொடுறதுக்கு முன்னாடி வலது மூலைல கடிகாரத்த ஒரு பார்வை பாருங்க. 'மிஸ்ஸிங் பெர்மிஷன்ஸ் மேனிஃபெஸ்ட் ஆட்ரிப்யூட்'னு வந்தா 2014-க்கு முன்னாடி கட்டின ஜார் ஃபைல் (ஜாவா புரோகிராம கட்டி வெச்ச மூட்டை)னு அர்த்தம், அதுக்கும் எக்ஸப்ஷன் லிஸ்ட்தான் வைத்தியம். 'லோக்கல் அப்ளிகேஷன்'னு வந்தா ஹெச்டிஎம்எல் ஃபைல டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி அங்கேர்ந்து தொறந்திருப்பீங்க, அப்படி பண்ணாதீங்க, அட்ரஸ் வழியாவே போங்க. 'டிப்ளாய்மென்ட் ரூல் செட்'னு வந்தா நீங்க என்ன தலகீழ நின்னாலும் நடக்காது, அது உங்க ஐடி டீம் வெச்ச பூட்டு, அவங்களதான் கேக்கணும்.

லிஸ்ட்ல சேக்குறது எப்படின்னா, விண்டோஸ் ஸ்டார்ட்ல 'கன்ஃபிகர் ஜாவா'ன்னு தேடுங்க, செக்யூரிட்டி டேப், கீழ 'எடிட் சைட் லிஸ்ட்', அதுல ஆட். இங்கதான் பாதி பேர் கோட்ட விடுறாங்க. வெறும் 192.168.0.120-ன்னு போட்டா ஆகாது, முன்னாடி ஹெச்டிடிபிஎஸ்-ஆ ஹெச்டிடிபி-யான்னு சேத்து போடணும், போர்ட் வழக்கமான 443, 80 இல்லேன்னா அந்த நம்பரும் வேணும், ஸ்டார் போட்டு எல்லா அட்ரஸும்னு குடுக்க முடியாது. கடைசில ஒரு ஸ்லாஷ் இருந்தா அந்த ஃபோல்டரும் அதுக்குக் கீழ இருக்குறதும் ஓடும், பாதை குடுத்து ஸ்லாஷ் இல்லாம விட்டா அந்த ஒரே ஒரு பக்கம் மட்டும்தான், பாதையே குடுக்காம டொமைன் மட்டும் போட்டா அங்க இருக்குற எல்லாம் ஓடும். ஹெச்டிடிபி அட்ரஸ் போட்டா ரிஸ்க்னு ஒரு எச்சரிக்கை வரும், உள்ளூர் நெட்வொர்க்ல இருக்குற சர்வர்னா கன்டின்யூ குடுக்கலாம், வெளிய இருக்குற சைட்டுக்கு குடுக்காதீங்க. அப்புறம் இந்த லிஸ்ட் யூசர் வாரியா சேவ் ஆகும், நீங்க அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின்ல சேத்துட்டு, வேற லாகின்ல வந்து வேல செய்யலியேன்னு தலைய பிச்சுக்கிட்டா அதுக்கு ஜாவா பொறுப்பில்ல. சேத்ததும் பிரவுசர் ஜன்னல் எல்லாத்தையும் மூடிட்டு திரும்ப தொறங்க. அப்பவும் பழைய மெசேஜே வந்தா ஜெனரல் டேப்ல டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் பக்கத்துல செட்டிங்ஸ்ல போயி டிலீட் ஃபைல்ஸ் குடுங்க, ஜாவா தனியா ஒரு கேஷ் வெச்சிருக்கும், பிரவுசர் கேஷ காலி பண்ணா அது போகாது.

லிஸ்ட்ல சேத்துட்டீங்க, பெட்டி போச்சு, ஆனா இப்ப வேற ஒண்ணு வருது: அன்சைன்டு அப்ளிகேஷன் சிஸ்டத்துல எல்லா அனுமதியும் கேக்குதுன்னு. சைன் பண்ணிதானே இருக்குன்னு நீங்க கேப்பீங்க. சைன் பண்ணிருக்கு, ஆனா எம்டி5-ங்கற பழைய முறைல பண்ணிருக்கு. 2017 ஏப்ரல்ல வந்த ஜாவா 8 அப்டேட் 131-லேர்ந்து எம்டி5-ல சைன் பண்ண ஜார் எல்லாத்தையும் சைனே பண்ணாத மாதிரிதான் ஜாவா நடத்தும். எம்டி5-ல ரெண்டு வேற வேற ஃபைலுக்கு ஒரே கைநாட்டு வர வைக்கலாம்னு எப்பவோ நிரூபிச்சாச்சு, அதனால அத நம்புறதுல அர்த்தம் இல்ல. கன்சோல் புரோகிராமுக்கு கீபோர்டு, மவுஸ், விர்ச்சுவல் சிடி எல்லாத்துக்கும் முழு அனுமதி வேணும், சைன் இல்லாததுக்கு அந்த அனுமதிய ஜாவா குடுக்காது, எக்ஸப்ஷன் லிஸ்ட் இங்க கை குடுக்காது.

இதுக்கு வழி ஜாவா போட்ட ஃபோல்டருக்குள்ள லிப், அதுக்குள்ள செக்யூரிட்டி, அதுல 'ஜாவா.செக்யூரிட்டி'ன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட அட்மினிஸ்ட்ரேட்டரா தொறந்துதான் எடிட் பண்ணணும், இல்லேன்னா சேவ் ஆகாது. அதுல 'டிஸேபிள்ட் அல்காரிதம்ஸ்'னு முடியுற வரிகள் வரும், நடுவுல ஜார்னு இருக்குறது சைன் சம்பந்தப்பட்டது, சர்ட்பாத்னு இருக்குறது சர்டிஃபிகேட், டிஎல்எஸ்-னு இருக்குறது கனெக்‌ஷன். ஜார் வரிலேர்ந்து எம்டி5-ங்கற வார்த்தைய மட்டும் அதோட கமாவோட எடுங்க, மத்தத தொடாதீங்க, எடுக்குறதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி வெச்சுக்கோங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, இப்ப நீங்க அந்த ஜாவாவுல ஓடுற எல்லாத்துக்குமே எம்டி5-ஐ நம்பச் சொல்லிருக்கீங்க, உங்க சர்வருக்கு மட்டும் இல்ல. அதனாலதான் இந்த மாத்தத்த தனி விர்ச்சுவல் மெஷின்ல (உங்க மெஷினுக்குள்ளயே ஓடுற இன்னொரு மெஷின்) வெச்சுக்கோங்கன்னு பின்னாடி சொல்லப்போறேன்.

அடுத்த முட்டுக்கட்ட: ஜன்னல் தொறக்குது, லோடிங் ஓடுது, அப்புறம் வெறும் 'கனெக்‌ஷன் ஃபெயில்ட்', வேற விளக்கமே இல்ல. நெட்வொர்க் கேபிள புடுங்கி மாட்டுறதுக்கு முன்னாடி ஜாவா வெர்ஷன பாருங்க. 2021 ஏப்ரல்ல வந்த 8 அப்டேட் 291-லேர்ந்து நெட்வொர்க் பேச்ச பூட்டி பாதுகாக்குற டிஎல்எஸ்-ல பழைய 1.0-வும் 1.1-உம் ஆஃப். உங்க 2010 சர்வருக்கு அதுதான் தெரியும். அதே ஃபைல்ல டிஎல்எஸ் வரிலேர்ந்து அந்த ரெண்டையும் எடுத்தா பெரும்பாலும் வந்துடும், இன்னும் பழசா இருந்தா ஆர்சி4-ங்கற பழைய பூட்டு முறையையும் எடுக்க வேண்டி வரும். சர்வரோட லாகின் பக்கமே பிரவுசர்ல தொறக்கலேன்னாலும் இதே கதைதான், 2020-ல பெரிய பிரவுசர் எல்லாருமே சேந்து இந்த பழைய டிஎல்எஸ்-ஸ நிறுத்திட்டாங்க.

சின்ன விஷயம் ஒண்ணு, ஆனா நெறைய பேர் இதுல மாட்டுறாங்க. கன்சோல் பட்டன அமுக்குனா ஜேஎன்எல்பி ஃபைல் ஒண்ணு டவுன்லோட் ஆகும், சில சர்வர்ல அந்த ஃபைல் பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறி, ஐபி அட்ரஸ், அட் குறி, ஏதேதோ நம்பர்னு ஒரு வால் ஒட்டிக்கும், விண்டோஸுக்கு இது என்ன ஃபைல்னே தெரியாது, எதுல தொறக்கணும்னு கேக்கும். வால வெட்டிட்டு பேர் ஜேஎன்எல்பி-ன்னு முடியுற மாதிரி மாத்துங்க, டபுள் கிளிக் பண்ணா ஜாவா வெப் ஸ்டார்ட் எடுத்துக்கும். இந்த வழில பிரவுசர்ல பிளகினே வேண்டாம்கறத கவனிங்க, கிரோம்ல டவுன்லோட் பண்ணாலும் ஓடும். ஆனா நேத்து டவுன்லோட் பண்ண ஃபைல இன்னிக்கு ஓட்டுனா லாகின் ஃபெயில்னு வரும், உள்ள அந்த செஷனுக்கான டோக்கன் எழுதியிருக்கும், ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும். ஆரக்கிள் ஜாவா 8 வேண்டாம்னா ஓப்பன் வெப் ஸ்டார்ட்னு ஒரு இலவச மாற்று இருக்கு, அதையும் முயற்சி பண்ணலாம், எல்லா கன்சோலும் அதுல ஓடும்னு சொல்ல மாட்டேன்.

சரி, இதெல்லாம் எங்க பண்றது? தனி விர்ச்சுவல் மெஷின்ல. விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு விண்டோஸ் ஒண்ணு ஏத்துங்க, அதுல ஜாவா 8, ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர், மேல சொன்ன எடிட் எல்லாம். எந்த அப்டேட்டுன்னு கேட்டா என் தேர்வு 202. காரணம் ரெண்டு: டிஎல்எஸ் 1.0 அதுல இன்னும் டீஃபால்ட்டா ஓடும், அந்த ஃபைல்ல பாதி எடிட் மிச்சம். ரெண்டாவது லைசென்ஸ். 2019 ஏப்ரல்ல அப்டேட் 211 வந்தபோது ஆரக்கிள் லைசென்ஸ மாத்திட்டாங்க, சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸ் உபயோகத்துக்கு சந்தா கட்டணும். காலேஜ், கம்பெனின்னு வந்தா இத லேசா எடுத்துக்காதீங்க, ஒரு மெஷின்ல தெரியாம போட்டது கூட ஆடிட்ல வந்து நிக்கும். 202-தான் பழைய லைசென்ஸ்ல வந்த கடைசி, ஆரக்கிளோட ஆர்க்கைவ்லேர்ந்தே எடுங்க, அக்கவுன்ட் வேணும், பரவால்ல, கண்ட கண்ட சைட்லேர்ந்து எடுக்குறதுக்கு அது மேல். ஜாவா ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா ஒரு நாள் அது தானா புது வெர்ஷன ஏத்தி உங்க எடிட்ட எல்லாம் முழுங்கிடும். நெட்வொர்க்க அந்த சர்வர் இருக்குற சப்நெட்டோட மட்டும் பேசுற மாதிரி வைங்க, கேட்வே அட்ரஸ் குடுக்கவே குடுக்காதீங்க, இன்டர்நெட் அதுக்கு எதுக்கு? எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டா அடுத்த தடவ எதாவது கெட்டாலும் நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துடலாம்.

இதோட ஒண்ணு சேத்து சொல்லணும், அந்த சர்வரோட மேனேஜ்மென்ட் போர்ட்ட வீட்லேர்ந்து பாக்கலாம்னு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு பண்ணிருந்தா இன்னிக்கே எடுங்க. 2017-ல மேல சொன்ன ஐஎல்ஓ 4-லயே ஒரு ஓட்டைய கண்டுபுடிச்சாங்க, அனுப்புற ரிக்வெஸ்ட்ல ஒரு இடத்துல இங்கிலீஷ் 'ஏ' எழுத்த 29 தடவ அடிச்சு அனுப்புனா போதும், பாஸ்வேர்டே கேக்காம உள்ள விட்டுச்சு. அப்டேட் வர்ற கார்டுலயே இப்படின்னா அப்டேட்டே நின்னு போன உங்க 2010 கார்டு எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. வெளியிலேர்ந்து வேணும்னா விபிஎன் போட்டு உள்ள வாங்க.

இதே கேள்விய வேற ரூபத்துல கேக்குறவங்களுக்கும் ரெண்டு வார்த்த. கடைல வெச்சிருக்குற சிசிடிவி டிவிஆர் பிரவுசர்ல பிளகின் போடச் சொல்லுது, போட்டாலும் படம் வரலேன்னா அது ஆக்டிவ்எக்ஸ், எட்ஜ் ஐஇ மோடுல பாருங்க. ஆக்டிவ்எக்ஸ் அனுமதிய இன்டர்நெட் ஸோனுக்கு தொறந்து விடாம, டிவிஆர் அட்ரஸ ட்ரஸ்டட் சைட்ஸ்ல போட்டு அந்த ஸோனுக்கு மட்டும் குடுங்க. அத விட சுலபம், பல டிவிஆர்ல ஆர்டிஎஸ்பி-ன்னு வீடியோவ நேரா அனுப்புற வழி இருக்கும், விஎல்சி-ல நெட்வொர்க் ஸ்ட்ரீம் தொறந்து 554 போர்ட்ல அட்ரஸ குடுத்தா பிளகின் தலவலியே இல்ல. இதையும் இன்டர்நெட்டுக்கு தொறந்து விடாதீங்க, 2016 அக்டோபர்ல டைன்-ங்கற டிஎன்எஸ் கம்பெனிய அடிச்சு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தொங்குனப்ப அதுக்கு பின்னாடி இருந்த மிராய் பாட்நெட்ல (வைரஸ் புடிச்சு வெச்ச மெஷின் கூட்டம்) நெறைய டிவிஆரும் கேமராவும்தான்.

டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்குற யுஎஸ்பி) வெச்சு ஜிஎஸ்டி சைன் பண்றவங்களுக்கு இப்ப ஜாவா அப்லெட் தொல்ல இல்ல, எம்சைனர்னு ஒரு புரோகிராம் உங்க மெஷின்லயே 1585 போர்ட்ல உக்காந்திருக்கும், போர்ட்டல் அதோட பேசும். அது செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் வெச்சிருக்குறதால பிரவுசர் பின்னாடியே சத்தமில்லாம தடுத்துடும், 'எம்சைனர் ஓடல'ன்னு மட்டும் போர்ட்டல் சொல்லும். புது டேப்ல ஹெச்டிடிபிஎஸ் போட்டு 127.0.0.1:1585 தொறந்து, அட்வான்ஸ்டு, ப்ரொசீட் குடுத்துட்டு வந்தா பேச ஆரம்பிச்சிடும். புது கிரோம்ல 'இந்த சைட் உங்க லோக்கல் நெட்வொர்க்க தொட விடலாமா'ன்னு ஒரு கேள்வி வேற வருது, அவசரத்துல பிளாக் அமுக்கிருந்தா அட்ரஸ் பார் பக்கத்துல இருக்குற ஐகான்ல போயி மாத்துங்க.

ஃபிளாஷ்னா மறந்துடுங்க. 2020 டிசம்பர் 31-ஓட அடோபி கடைய சாத்திட்டாங்க, 2021 ஜனவரி 12-லேர்ந்து பிளேயரே தானா ஓட மறுக்குற மாதிரி உள்ளயே வெச்சிருந்தாங்க. தென்னாப்பிரிக்காவோட வருமான வரித்துறை ஃபார்ம் எல்லாம் ஃபிளாஷ்ல மாட்டிக்கிட்டு, கடைசில ஃபிளாஷ் ஓடுறதுக்குன்னே தனி பிரவுசர் ஒண்ணு அவங்களே வெளியிட்டாங்க, கவர்மென்ட்னா எங்கயும் கவர்மென்ட்தான். பழைய கேம், அனிமேஷன் பாக்கணும்னா ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, பிளகினும் வேண்டாம். பழைய ஃபிசிக்ஸ், மேத்ஸ் ஜாவா அப்லெட் பசங்களுக்கு காட்டணும்னா சீர்ப்ஜே அப்லெட் ரன்னர்னு கிரோம் எக்ஸ்டென்ஷன் இருக்கு, ஜாவாவே போடாம பிரவுசருக்குள்ளயே ஓட்டும், சின்ன அப்லெட்டுக்கு நல்லாவே ஓடும், சர்வர் கன்சோலுக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. 'உங்க பிளகின் பழசு, பாதுகாப்புக்காக தடுத்துட்டோம், இங்க கிளிக் பண்ணி அப்டேட் பண்ணுங்க'ன்னு ஒரு வெப் பக்கத்துக்கு நடுவுல வந்தா அது பொய். பிரவுசர் தடுத்தா அட்ரஸ் பார் பக்கத்துலயோ பிளகின் கட்டத்துக்குள்ளயோ சொல்லும், ஜாவா தடுத்தா தனி ஜன்னல்ல சொல்லும், அந்த ஜன்னல்ல எக்ஸ்இ ஃபைல் டவுன்லோட் எதுவும் தானா ஆரம்பிக்காது. போலி ஃபிளாஷ் அப்டேட்னு வைரஸ் பரப்புறது வருஷக்கணக்கா நடந்த வியாபாரம், ஃபிளாஷ் செத்த பிறகும் அந்த பாப்அப் வந்துட்டேதான் இருந்துச்சு.

ஆன்டிவைரஸ் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் ஆன்ல இருந்தா அது நடுவுல பூந்து தன்னோட சர்டிஃபிகேட்ட காட்டும், ஜாவா அத நம்பாது, அந்த ஒரு அட்ரஸுக்கு விலக்கு குடுங்க. மொத்தமா ஆஃப் பண்ணாதீங்க.

இவ்ளோ பண்ணியும் வரலேன்னா கன்ஃபிகர் ஜாவாவுல அட்வான்ஸ்டு டேப் போயி ட்ரேஸிங், லாகிங் ரெண்டையும் டிக் பண்ணுங்க, ஜாவா கன்சோல்ல ஷோ கன்சோல் குடுங்க, இப்ப திரும்ப ஓட்டுங்க. ஒரு வெள்ளை ஜன்னல்ல எழுத்தா கொட்டும், அதுல 'எக்ஸப்ஷன்'னு முதல் தடவ வர்ற வரியும் அதுக்குக் கீழ ஒரு பத்து வரியும், பெட்டில இருந்த ரீசன் வரியும், ஜாவா வெர்ஷன் நம்பரும், 32-ஆ 64-ஆன்னும் இங்க போடுங்க. சர்வர் மாடலும் கார்டோட ஃபர்ம்வேர் நம்பரும் சேத்து போட்டா இன்னும் நல்லது, ஐபி அட்ரஸையும் செஷன் டோக்கன் நம்பரையும் மட்டும் அழிச்சிட்டு போடுங்க.